மூன்றாம் வளர்ப்பு

பசுவின் வயிறு செய்கிற வேலையைப் பசு இல்லாமலே செய்து முடிக்கும் பூஞ்சையைக் கண்டுபிடித்தவள் என்று இந்துமதியின் பெயர் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் இருந்தது. கூடவே ஒரு புகைப்படம். வற்றிய அணைக்குள் நின்றுகொண்டு, கையில் ஒரு பிடி கரும்புச் சோகையுடன் சிரிப்பாள். எடுத்தபோது அவளுக்குப் பின்னால் நான்கு பசுக்கள் நின்றிருந்தன. புத்தகத்தில் போடும்போது படத்திலிருந்து அவற்றை வெட்டிவிட்டார்கள்.

அறுபத்து நான்காவது வயதில், ஓய்வு பெற்று நாகப்பட்டினத்தில் தங்கை வீட்டில் இருந்தபோது அந்தத் தொலைபேசி வந்தது.

"டாக்டரம்மாங்களா? நான் கலாமணி பேசறனுங்க. டேமுக்குள்ள மாட்டு முகாம்ல இருந்தனுங்களே."

இருபத்தாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனால் குரலுக்கு வயதாகவே இல்லை.

"கலாக்கா! எப்படி இருக்கீங்க?"

"இருக்கறனுங்க. எங்கிட்ட ஒரு மாடு இருக்குது. ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்க. வெள்ளிக்கிழமைக்கு முன்னால வந்தா நல்லா இருக்கும்."

மறுநாளே இந்துமதி ரயில் ஏறினாள். மாவட்டத்துக்குப் பதினோரு மாடு என்று அரசு அனுமதித்திருந்த காலம் அது. அவள் கடைசியாக ஒரு பசுவைத் தொட்டுப் பன்னிரண்டு வருடங்கள் இருக்கும். ஜன்னலுக்கு வெளியே வயல்கள் பச்சையாக ஓடிக்கொண்டிருந்தன. அவள் பார்த்துக்கொண்டிருந்ததோ, பாளம் பாளமாக வெடித்த அணைத் தரையை.

பெருவறட்சியின் இரண்டாம் ஆண்டில், சத்தியமங்கலம் பக்கத்து அணை ஒன்றில் நடுக்குழியில் மட்டும் தண்ணீர் மிஞ்சியிருந்தது. அந்தக் குழியை நம்பி அணைக்குள்ளேயே மாட்டு முகாம் போட்டார்கள். நானூற்றுப் பன்னிரண்டு மாடுகள். தீவன ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஒரு நுண்ணோக்கியும் ஆறு கண்ணாடி ஜாடிகளுமாக இந்துமதி அங்கே போய் இறங்கியபோது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. கலாமணி அவளைவிட நான்கு வயது மூத்தவள். கணவன் வேலை தேடிக் கேரளத்துக்குப் போயிருந்தான். இடுப்பில் ஒரு பெண் குழந்தையுடன் பன்னிரண்டு மாடுகள் கொண்ட ஒரு வரிசையைக் கவனித்துக்கொண்டிருந்தாள். இரண்டுதான் அவளுடையவை. மற்றவை ஊர்க்காரர்கள் நம்பி விட்டுப் போனவை.

பச்சைப்புல் இல்லை, சோளத்தட்டு இல்லை. வாய்க்கால் ஓரத்துக் கரும்புக் காடுகளிலிருந்து வெட்டுக்குப் பின் மிஞ்சும் காய்ந்த இலையான சோகை மட்டும் லாரி லாரியாக வந்தது. வழக்கமாகக் காட்டிலேயே தீ வைத்துவிடுகிற சரக்கு. மாடுகள் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன.

"இதுல சத்தே இல்லீன்னு சொல்றாங்களே, டாக்டரம்மா?" என்று முதல் நாளே கலாமணி கேட்டாள்.

"சத்து இருக்குக்கா. ஆனா அதைச் சுத்திச் சுவர் கட்டியிருக்கு. லிக்னின்னு பேரு. மரத்தை மரமா நிக்க வைக்கிறது அதுதான். மாட்டு வயித்துல இருக்கிற நுண்ணுயிரால அந்தச் சுவரை இடிக்க முடியாது. என் பூஞ்சை சுவரை மட்டும் இடிச்சுக் குடுக்கும். உள்ள இருக்கிற நாரை மாடு பாத்துக்கும்."

கலாமணி கொஞ்சம் யோசித்தாள். "அப்பப் பாதிச் சமையலு வெளிய உங்க பூஞ்சை, மீதிச் சமையலு உள்ள மாடு."

நிலையத்தில் இந்துமதியின் உரைகளைக் கேட்ட யாரும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

ஜாடியில் வளர்த்த பூஞ்சையின் முதல் வளர்ப்பு கறுத்து நாறியது. இரண்டாவதை மாடுகள் தொடவில்லை. மூன்றாம் வளர்ப்பைத் தண்ணீர் தெளித்த சோகையில் பிசறி, தார்ப்பாய் போட்டு மூட்டமாக மூடிப் பதினெட்டு நாள் வைத்தார்கள். பிரித்தபோது சோகை மேலெல்லாம் பஞ்சு பூத்ததுபோல வெள்ளை. நனைந்த மரப்பட்டையும் புளித்த தோசை மாவும் கலந்தாற்போல ஒரு வாசனை. கலாமணியின் கிழட்டு மயிலைப் பசு முன்னால் வந்து மூக்கை நுழைத்தது. ஒரு வாய் எடுத்தது. நின்றது. இன்னொரு வாய் எடுத்தது.

"திங்குதுங்! டாக்டரம்மா, திங்குதுங்!" கலாமணி குழந்தையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள், அதுவும் பார்க்க வேண்டும் என்பதுபோல.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப்போல நாட்கள் இந்துமதிக்குப் பின்னால் அமையவில்லை. காலையில் எடை போடுவார்கள். எலும்பாக வந்த மாடுகளுக்கு முதுகில் சதை ஏறுவதைக் கைவைத்தே தெரிந்துகொள்ளலாம். மத்தியான வெயிலில் மாடுகளெல்லாம் படுத்துக் கண்ணை அரைவாசி மூடி அசைபோடும். ஐந்து மாதமாகப் பாலில்லாத டீ குடித்த முகாமில், ஒரு நாள் கலாமணி கொண்டுவந்து நீட்டிய டம்ளர் பழுப்பாக இருந்தது. இருவரும் அந்த நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு கலாமணி, "ஆறிப் போகுதுங்க" என்றாள்.

ஆனால் எடைக் கணக்கில் ஓர் இடறல் இருந்தது. கலாமணியின் வரிசையிலும் அடுத்த இரண்டு வரிசைகளிலும் முப்பத்தாறு மாடுகள் தேறவேயில்லை. அதே சோகைதான், அதே அளவுதான். நிலைய இயக்குநர் மணிசேகரன் ஜீப்பில் வந்து தாள்களைப் புரட்டினார்.

"ஒரு இடத்துல தேறுது, ஒரு இடத்துல தேறலை. அப்படின்னா வளர்ப்புல பலம் பத்தலைன்னுதான் அர்த்தம். இன்னும் கூர்மையாக்குங்க இந்துமதி."

எட்டு மாதம் உழைத்து அவள் கூர்மையாக்கினாள். அப்படித்தான் ஒன்பதாம் வளர்ப்பு வந்தது. அது சுவரை இடித்ததோடு நிற்கவில்லை. உள்ளே இருந்த நாரையும் துண்டு துண்டாக வெட்டி மாவாகவும் சர்க்கரையாகவும் மாற்றியது. சோகை கையில் எடுத்தால் பொடிந்தது, நாக்கில் வைத்தால் இனித்தது. மாடுகள் அள்ளித் தின்றன. முப்பத்தாறும் எடை ஏறின.

ஆனால் அசைபோடுவதை விட்டுவிட்டன. மெல்லுவதற்கு எதுவும் இல்லை. மத்தியானத்தில் படுக்காமல் நின்றுகொண்டே இருந்தன. மூன்றாம் மாதம் குளம்புகள் வீங்கி நொண்டத் தொடங்கின.

"என்னமோ செய்யறதுக்கு வந்து மறந்துபோனாப்ல நிக்குதுங்க, டாக்டரம்மா" என்றாள் கலாமணி.

இந்துமதி அதை அறிக்கையில் பதினோராம் பக்கத்தில் எழுதினாள். இரண்டாம் பக்கத்தில், தானே இரண்டு வாரம் அந்த மாவைக் கஞ்சி காய்ச்சிக் குடித்ததையும், செரித்ததையும், இரத்தத்தில் ஒரு கோளாறும் இல்லாததையும் எழுதினாள். எழுதும்போது பெருமையாகத்தான் இருந்தது. பதினோராம் பக்கம் வரை யாரும் படிக்கவில்லை.

வறட்சியின் நான்காம் ஆண்டு வெளியிலிருந்து அரிசி வருவது நின்றது. சோகை மாவுதான் ஜனங்களைக் காப்பாற்றியது. அதை யாரும் மறுக்க முடியாது. இந்துமதிக்கு மாலை போட்டார்கள், சிலை வைக்கிறோம் என்றார்கள். பிறகு மழை வந்தது. நெல் விளைந்தது. மாவு ஆலைகள் மட்டும் போகவில்லை. சோகை, வைக்கோல், கடலைக்கொடி, தட்டு எல்லாம் ஆலைக்கே என்று சட்டம் வந்தது. வைக்கோலைத் தின்று பாலாக்க நடுவில் ஒரு மாடு எதற்கு என்று பத்திரிகைகள் கேட்டன. முதலில் காளைகள் போயின. பிறகு எருமைகள். பிறகு ஒரு நாள் தீவன ஆராய்ச்சி நிலையத்தின் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டு மாவுத் தர ஆய்வகம் என்று மாட்டினார்கள். குளிர்பெட்டியில் இடம் வேண்டும், பயன்படாத வளர்ப்புகளை அழிக்கலாமா என்று ஒரு தாள் வந்தது. ஒன்றிலிருந்து எட்டு வரை. துணை இயக்குநர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டது இந்துமதிதான். அன்று அவளுக்கு மூன்று கூட்டங்கள் இருந்தன. தாளை இரண்டாவது முறை படிக்கவில்லை.

இந்துமதி பேருந்தை விட்டு இறங்கியபோது நிறுத்தத்தில் கலாமணி காத்திருந்தாள். தலை முழுக்க வெள்ளை. குனியாமல் நின்றாள். இந்துமதியின் பையை வாங்கிக்கொண்டு, நிறைந்து கிடந்த அணையைக் கையால் காட்டினாள்.

"நம்ம முகாமு அங்கதானுங்க. அந்தப் படகு நிக்குதே, அதுக்கு அடியில."

இருவரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள்.

கரும்புக் காட்டின் ஓரத்தில் ஓட்டு வீடு. பின்பக்கம் மாடு கட்டும் கட்டுத்தாரை. அதில் ஒரு செவலைப் பசு படுத்திருந்தது. தாடை பக்கவாட்டில் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. கழுத்துக்கடியில் ஒரு உருண்டை ஏறி வந்தது, வாய் மறுபடி மென்றது. இந்துமதி அதன் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். விலாவில் கைவைத்தாள். சூடாக இருந்தது.

"இதுக்கு என்னக்கா தீனி? சோகை முழுக்க ஆலைக்காரங்க எடுத்துக்கிறாங்களே. மாவைப் போட்டா இப்படி அசைபோடாதே."

கலாமணி மூலையில் இருந்த தார்ப்பாயை விலக்கினாள். வெள்ளைப் பஞ்சு. அந்த வாசனை.

இந்துமதி எட்டி ஒரு துண்டை எடுத்து முகர்ந்தாள். "இது மூணு."

"ஆமாங்."

"இருக்க முடியாது. அதை அழிக்கச் சொல்லி நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

"உங்க டப்பால இருந்ததைத்தான அழிச்சிருப்பீங்க" என்றாள் கலாமணி. எதிரில் உட்கார்ந்தாள். முந்தானையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும். வரச் சொன்னது பாதி அதுக்குத்தானுங்க. முகாம்ல ரேசன் அரிசி ஒரு வருசம் வராம கெடந்தது, ஞாபகம் இருக்குதுங்களா?"

"எங்களுக்கு நிலையத்துல இருந்து சாப்பாடு வந்துச்சு" என்றாள் இந்துமதி. அதைச் சொல்லும்போதே அந்தக் காலத்தில் இவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று தான் ஒருநாளும் கேட்டதில்லை என்பது உறைத்தது.

"சத்து பூராவும் அந்த வெள்ளைலதான் சேருதுன்னு நீங்க ஒருக்காச் சொன்னீங்க. மூட்டத்தைப் பிரிச்ச ஒடனே, நீங்க வர்றதுக்கு முன்னால, மேலாப்ல இருக்கறதைச் சொரண்டி எடுத்துக்குவோம். உப்புப் போட்டு வதக்குனா முட்டையாட்ட இருக்கும். நானு, பக்கத்து ரெண்டு வரிசைப் பொம்பளைங்க, ஆறு பேரு. அடியில கெடந்ததைத்தான் மாட்டுக்குப் போட்டோம்."

இந்துமதிக்குக் கணக்குப் புரிந்தது. முப்பத்தாறு மாடுகள். மூன்று வரிசைகள். தாள்களில் அவள் எத்தனை முறை கோடு போட்டுப் பார்த்த எண்கள்.

"அப்ப என் பூஞ்சைல குறையே இல்லை."

"இல்லீங்."

"எட்டு மாசம்க்கா. எட்டு மாசம் இல்லாத குறையைத் தேடினேன். அன்னைக்கே ஏன் சொல்லலை?" குரல் உயர்ந்துவிட்டது. பசு தலையைத் திருப்பிப் பார்த்தது.

"முகாமை விட்டுத் தாட்டிருவாங்கன்னு பயந்துட்டனுங்க. என்ற மவளுக்கு அப்ப ரெண்டு வயசு."

இந்துமதி எழுந்து வெளியே போய்க் கரும்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கோபம் வந்தது. அதை யார் மேல் வைப்பது என்று தெரியவில்லை. திரும்பி வந்தபோது கலாமணி அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க சொல்லியிருந்தா ஒன்பதுன்னு ஒண்ணு வந்திருக்காது. இத்தனை மாடும் போயிருக்காது."

"ஒம்பது வரலீன்னா நாலாம் வருசம் என்ற மவ இருந்திருக்க மாட்டாளுங்க. அவ அந்த மாவுலதான் வளந்தா. இன்னைக்குக் கோயமுத்தூர்ல நர்சா இருக்கறா." கலாமணி தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "நானும் எல்லாப் பக்கமும் யோசிச்சுட்டனுங்க. எந்தப் பக்கம் போனாலும் முட்டுது. அதான் உங்ககிட்டச் சொல்லிப் போட்டேன்."

இந்துமதி மறுபடி பசுவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எப்படிக்கா இத்தனை வருஷம் காப்பாத்தினீங்க?" என்று கடைசியில் இந்துமதி கேட்டாள். ஆய்வகத்தில் அந்த வளர்ப்பைப் பூட்டிய அறையில், குளிரில், கையுறை போட்டுக்கொண்டு பாதுகாத்தார்கள்.

"காப்பாத்தறதுக்கு என்னங்க இருக்குது? பாலுக்கு உறை ஊத்தறாப்லதான். பழைய மூட்டத்துல ஒரு கைப்பிடி எடுத்துப் புதுச் சோகைல பிசறி வெச்சா அது பாட்டுக்கு வருது. கறுப்புப் பட்டா அந்தப் பக்கத்தை மட்டும் வெட்டிப் போடுவேன். வதக்கித் தின்ன ருசி விட்டுப் போகலீங்க. மொதல்ல அதுக்காக வெச்சிருந்தேன். அப்பறம் மாட்டுக்கு."

இந்துமதிக்குச் சிரிப்பு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மீதிப் பாதி என்ன? எதுக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள வரச் சொன்னீங்க?"

வெள்ளிக்கிழமை ஆலையிலிருந்து சோதனைக்கு வருகிறார்கள். சோகையை ஒளித்து வைத்திருந்தால் மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். சட்டத்தில் ஒரே ஒரு விலக்கு உண்டு. மனிதர் உண்ண உதவாது என்று சான்று பெற்ற பயிர்க்கழிவை ஆலை எடுக்காது; அதைத் தின்று வளரும் மாட்டுக்கு எண்ணிக்கை வரம்பும் கிடையாது. ஒரு வளர்ப்பில் ஊறிய சோகைக்கு அந்தச் சான்றை, அந்த வளர்ப்பைப் பதிவு செய்தவர் கொடுக்கலாம். கலாமணி இதையெல்லாம் மகளிடம் படிக்கச் சொல்லிக் கேட்டு வைத்திருந்தாள்.

"நான் சொன்னா அது திருட்டுச் சோகை. நீங்க எழுதிக் குடுத்தா சட்டம்."

இந்துமதி சோகையில் ஒரு துண்டைக் கிள்ளி, மேலே இருந்த வெள்ளையைத் துடைத்துவிட்டு வாயில் போட்டு மென்றாள். கயிற்றை மெல்லுவதுபோல இருந்தது. எவ்வளவு மென்றும் கரையவில்லை. துப்பினாள். மூன்றாம் வளர்ப்பு சுவரை மட்டும்தான் இடிக்கும். மீதியை மாட்டைத் தவிர யாராலும் செரிக்க முடியாது. பொய் எழுத வேண்டிய அவசியமே இல்லை.

இருந்தும் பேனாவை எடுத்தவள் நிறுத்தினாள். "இந்த மூட்டம் மாவாப் போயிருந்தா ஒரு குடும்பத்துக்கு ஒரு மாசம் வரும்க்கா. இன்னும் மலைப்பக்கத்துல ரேஷன் மாவை நம்பித்தான் இருக்காங்க."

"தெரியுமுங்க" என்றாள் கலாமணி. "அவிய வாயில இருந்து புடுங்கோணும்னு எனக்கு நெனப்பில்ல. அந்தக் காலத்துல பசிக்கு மாவாக்குனாங்க, சரி. இப்ப ஆலைல இருந்து போறதுல முக்காலு பிஸ்கட்டுக்குப் போகுது. அதுல கொஞ்சம் கொறஞ்சா யாரும் சாவ மாட்டாங்க. அந்த மலைக்காரங்களுக்கு ஒரு மாடு இருந்தா அவியளே பொழச்சுக்குவாங்க. இது என்ற நெனப்புத்தான். தப்பாவும் இருக்கலாம். ஒருக்கா நீங்களும் நானும் தப்புப் பண்ணியிருக்கறமே."

இந்துமதி எழுதினாள். சொல் சரியாக அமைய இரண்டு தாள் வீணாயின. "உங்க பேரையும் மாட்டு அனுமதி நம்பரையும் சொல்லுங்க, போட்டுடறேன்."

"பேரு வேண்டாமுங்க. பூஞ்சைக்கு எழுதுங்க. இந்தப் பூஞ்சை போட்ட சோகை எங்க இருந்தாலும்னு எழுதிக் குடுங்க."

இந்துமதி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். கலாமணியின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவள் கேட்டபடியே எழுதி, பதிவு எண்ணைப் போட்டுக் கையெழுத்திட்டாள்.

கலாமணி தாளை வாங்கி, எழுத்து எழுத்தாகப் படித்து, மடித்து இடுப்பில் செருகினாள். பெரிதாக மூச்சு விட்டாள். "நடப்பீங்களா? ரொம்பத் தூரமில்லீங்."

கரும்புக்குள் ஓர் ஆள் மட்டும் போகிற தடம். வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. சோகை தோளில் உரச, கால் மணி நேரம் நடந்தார்கள். கரும்பு முடிந்த இடத்தில் நிலம் சரிந்து ஒரு பள்ளத்தில் இறங்கியது. இரண்டு பக்கமும் வேலிக்கருவை மூடிக் கிடந்ததால் மேலேயிருந்து எதுவும் தெரியாது. இறங்கும்போதே இந்துமதிக்கு நெடி வந்தது. சாணம். மூத்திரம். ஈர மண். அவள் கால் தானாக வேகம் எடுத்தது.

பள்ளம் நெடுக மாடுகள். செவலை, மயிலை, காரி, கொம்பு சீவாதவை, தாய் மடியை முட்டும் கன்றுகள், ஓரத்தில் மூன்று எருமைகள். ஏழெட்டுப் பேர் தீனி போட்டுக்கொண்டிருந்தார்கள். புதிய ஆளைக் கண்டதும் அப்படியே நின்றார்கள். கலாமணி இடுப்பிலிருந்த தாளை எடுத்து உயரே ஆட்டினாள். யாரோ ஒருவர் "ஆச்சுங்களா?" என்று கத்தினார். ஒரு பெண் கூடையைக் கீழே போட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள்.

"எத்தனைக்கா?" என்றாள் இந்துமதி.

"இந்தப் பள்ளத்துல அறுவத்தி மூணு. இதாட்ட இன்னும் பள்ளம் இருக்குதுங்க. கர்நாடகா எல்லை வரைக்கும். ஆளாளுக்கு ஒரு கைப்பிடி குடுத்து விட்டேன்." கலாமணி தாளை மறுபடி இடுப்பில் செருகினாள். "மன்னிக்கோணும். எழுதி வாங்கறதுக்கு முன்னால உங்களைக் கூட்டிட்டு வரப் பயமா இருந்துச்சு. நீங்களும் அந்தப் பக்கத்து ஆளாச்சுங்களே."

அது சரிதான் என்று இந்துமதிக்குத் தோன்றியது. நின்ற இடத்திலேயே நின்று பார்த்தாள். எந்த மாட்டைப் பார்ப்பது என்று தெரியாமல் கண் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்க்கொண்டே இருந்தது. ஊருக்குத் திரும்பும் ஐந்து மணிப் பேருந்து மேலே சாலையில் ஒலியெழுப்பிக்கொண்டு போனது. இருவரும் அதைக் கவனிக்கவில்லை.

"டாக்டரம்மா, வந்ததுதான் வந்தீங்க" என்றாள் கலாமணி. "அந்தக் காரிக்கன்னு நாலு நாளா மடியண்ட போக மாட்டீங்குது. என்னன்னு ஒரு பார்வை பாருங்க."

"நான் மாட்டு டாக்டர் இல்லையேக்கா. பூஞ்சை டாக்டர்."

"எங்களுக்குத் தெரியாதுங்களா? மாட்டு டாக்டருன்னு இந்தப் பக்கம் ஒருத்தர் வந்தே பதினஞ்சு வருசம் ஆச்சு. நீங்க பாருங்க, போதும்."

இந்துமதி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினாள். கன்று மிரண்டு ஓரடி பின்வாங்கியது. அவள் மெல்லக் குந்தி உட்கார்ந்து, அது தானாக வரட்டும் என்று கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தாள்.